புளுகு என்று நினைத்தோம்

பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர் வாயைத் திறந்தால் நம் ஊர்த் திண்ணையில் ஒரு நமட்டுச் சிரிப்பு ஓடும். "மிலிட்டரி ஆரம்பிச்சிட்டாருய்யா" என்பார்கள். முறுக்கு மீசை, கையில் ரம் பாட்டில், நாக்கு நுனியில் சவடால் என்று சினிமாவும் தன் பங்குக்கு ஒரு பட்டாளத்துக்காரரைச் செய்து வைத்திருந்தது. அந்தச் சிரிப்பில் பிள்ளைகளான நாமும் பேரன் பேத்திகளும் சேர்ந்துகொண்டோம். பர்மாவில் துணியை விரித்து அதன்மேல் லாரி ஓட்டினோம் என்று தாத்தா சொன்னதற்குச் சிரித்தோம். பனிமலைக்கு டாங்கி ஏற வழி போட்டோம் என்று அப்பா சொன்னபோது அம்மாவைப் பார்த்துக் கண்ணடித்தோம்.

இரண்டும் நடந்தவை. 1944 கடைசியில் பிரிட்டிஷாரின் பதினான்காம் படை பர்மாவுக்குள் இறங்கியபோது நினைத்த இடத்தில் கல்சாலை போட வசதியில்லை. மண்ணைச் சமப்படுத்தி, தார் தோய்த்த சணல் துணியைச் சுருள் சுருளாக விரித்து, ஒன்றன் ஓரம் மற்றதன் மேல் ஏறும்படி ஒட்டினார்கள். அதற்கு 'பித்தெஸ்' என்று பெயர். தாமு–கலேவா சாலையில் லாரிகள் அந்தத் துணிமேல்தான் ஓடின. அதே கலேவாவில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே 1944 டிசம்பரில் எழுந்த 1,154 அடிப் பாலம், அன்று உலகிலேயே நீளமான பெய்லி பாலம், அதாவது துண்டுகளாகக் கொண்டுவந்து பொருத்தும் பாலம்.

டாங்கிக் கதை 1948 காஷ்மீர் போரைச் சேர்ந்தது. சோஜி லா கணவாய் ஏறத்தாழ 11,500 அடி உயரம். மேலே எதிரி உட்கார்ந்திருக்கிறான். லடாக் போகும் வழி அடைபட்டுக் கிடக்கிறது. ஏழாம் லைட் கேவல்ரியின் ஸ்டூவர்ட் டாங்கிகளை, மேல்கூட்டைக் கழற்றி மூடிமறைத்து, ஜம்முவிலிருந்து பால்தால் வரை ரகசியமாகக் கொண்டுவந்தார்கள். அங்கிருந்து மேலே போக இருந்தது கோவேறு கழுதை நடக்கும் தடம் மட்டும். அதை டாங்கி ஏறும் பாதையாக அகலப்படுத்தியவர்கள் மேஜர் தங்கராஜுவின் கீழ் வேலை செய்த மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியியல் படை வீரர்கள். நவம்பர் 1 அன்று டாங்கிகள் கணவாய்க்குள் புகுந்தன. வெற்றிக்குப் பிறகு டாங்கியின் படம் வந்தது. தளபதி திம்மையாவின் பெயர் வந்தது. கடப்பாரை பிடித்தவர் ஊருக்கு வந்து சொன்னார். நாம் நம்பவில்லை.

"அப்பா மிலிட்டரியில இன்ஜினியர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். எந்த இன்ஜினியர் என்று மட்டும் தெரிந்துகொள்ளவில்லை. பாலம் கட்டுவதும் பாலத்தைத் தகர்ப்பதும், கண்ணிவெடி புதைப்பதும் எடுப்பதும் சாப்பர் வேலை. கண்டோன்மென்ட்டில் கட்டடம், தண்ணீர், கரண்ட் பார்ப்பது எம்.இ.எஸ். இமயத்தில் சாலை போடுவது 1960-இல் தொடங்கிய எல்லைச் சாலை நிறுவனம். அதன் ஆட்களை கிரெஃப் என்பார்கள். வண்டியும் பீரங்கியும் பழுது பார்ப்பது இ.எம்.இ. ஒவ்வொன்றுக்கும் ஆவணக் காப்பகம் வேறு, ஊர் வேறு. சாப்பர்களிலேயே மெட்ராஸ் குரூப்புக்குப் பெங்களூரு, பெங்கால் குரூப்புக்கு ரூர்க்கி, பாம்பே குரூப்புக்குப் புணே அருகே கிர்க்கி. இது தெரியாமல் 'ராணுவத் தலைமை அலுவலகம், டெல்லி' என்று எழுதிப் போட்டுவிட்டுப் பதில் வரவில்லை என்று குறைப்படுகிறோம். பதவியும் அப்படியே. அவர் தச்சராக, கொல்லராக, கொத்தனாராக, புல்டோசர் ஓட்டுநராகச் சேர்ந்திருப்பார். அதைச் சொல்லக் கூசி, கல்யாணப் பத்திரிகையில் இன்ஜினியர் என்று அச்சடித்தவர்கள் நாம்தான். தச்சு வேலை தெரிந்த கை என்பதால்தான் அவரை அந்தப் படை எடுத்துக்கொண்டது.

வீட்டிலிருந்த காகிதங்களை நாம் நடத்திய விதத்தைப் பார்த்தால் நம் அக்கறை எதில் என்பது தெரிந்துவிடும். பென்ஷன் ஆணை பத்திரமாக இருக்கிறது, அது பணம். கேண்டீன் கார்டும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் புக் அநேகமாகச் செல்லரித்துவிட்டது. கறுப்பு டிரங்க் பெட்டியின் மூடியில் வெள்ளைப் பெயின்ட்டில் நம்பர், பெயர், யூனிட் மூன்றும் எழுதியிருக்கும். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது அதன்மேலும் ஒரு கோட் பச்சைப் பெயின்ட் அடித்து நெல்லோ விறகோ போட்டோம். மெடல்களைப் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்தோம். சுதந்திரத்துக்குப் பிந்தைய மெடல்களில் பெரும்பாலானவற்றின் விளிம்பில் அவருடைய நம்பரும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கும். ரிப்பனும் அதன்மேல் இருக்கும் கிளாஸ்ப் பட்டையும் எந்தப் போர், எந்த முனை என்று சொல்லும்: ஜம்மு காஷ்மீர் கிளாஸ்ப் போட்ட ஜெனரல் சர்வீஸ் மெடல், 1965-க்கு ரக்ஷா மெடல், 1971-இல் மேற்கு முனைக்குப் பச்சிமி ஸ்டார், கிழக்குக்குப் பூர்வி ஸ்டார். பாதி வாழ்க்கை வரலாறு அந்த விளிம்பில் இருந்தது. பழைய பித்தளைக்காரரிடம் எடைக்குப் போட்ட வீடுகளும் உண்டு.

இதில் இன்னொரு கொடுமை. பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் பணி ஆவணங்கள் 25 ஆண்டுகள் கழிந்ததும் அழிக்கப்படுவது நடைமுறை. இரண்டாம் உலகப் போருக்காகச் சேர்த்து, போர் முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வகை. அரசு அழித்தது விதிப்படி. நாம் எந்த விதிப்படி அழித்தோம்?

நம் மௌனத்துக்கு அரசியலும் ஒரு காரணம். நேதாஜியின் படையில் சேர்ந்த மலேயாத் தோட்டத் தமிழர்களைக் கொண்டாடினோம், தகும். அதே பர்மாவில் எதிர்ப்பக்கம் நின்று பாலம் கட்டிய தமிழர் 'வெள்ளைக்காரன் பட்டாளம்' ஆகிவிட்டார். பிறகு இலங்கை வந்தது. 1990 மார்ச்சில் அங்கிருந்து இந்திய அமைதிப்படையின் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது முதலமைச்சர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. அவருக்கு அரசியல் காரணம் இருந்தது. அங்கே என்னப்பா பார்த்தீர்கள் என்று வீட்டுக்குள்கூடக் கேட்காததற்கு நமக்கு என்ன காரணம்? பதில் கசக்கும் என்று பயந்தோம், அவ்வளவுதான்.

சாதியையும் சொல்லாமல் விட முடியாது. 1780 செப்டம்பரில் இரண்டு கம்பெனிகளோடு தொடங்கிய மெட்ராஸ் பயனியர்களிலிருந்து வளர்ந்த மெட்ராஸ் சாப்பர்ஸ் படையில், பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் பறையர் சமூகத்தினரும் கிறிஸ்தவர்களும் பெருமளவில் இருந்தார்கள். தென்னிந்தியருக்குப் போர்க்குணம் இல்லை என்று சொல்லி வெள்ளை அதிகாரிகள் மெட்ராஸ் படைகளைக் கலைத்தபோதும் சாப்பர்கள் மட்டும் தாக்குப்பிடித்தார்கள். 1912-இல் இவர்களுடைய அதிகாரி மெக்ளின்டாக் பெங்களூரில் உருவாக்கிய வெடிகுழாய், 'பெங்களூர் டார்ப்பிடோ' என்ற பெயரில் நார்மண்டிக் கடற்கரை வரை போய் முள்வேலியை அறுத்தது. வீர வரலாறு எழுத உட்கார்ந்த நம் ஆட்கள் பாளையக்காரரோடு நின்றுவிட்டார்கள். மண்வெட்டி பிடித்த வீரம் அவர்கள் கண்ணில் படவில்லை. பிடித்த கை யாருடையது என்பதும் அதற்குக் காரணம் என்றே நான் கருதுகிறேன். விபார்ட் என்ற அதிகாரி 1880-களிலேயே இரண்டு தடித்த தொகுதிகள் எழுதினார், ஆங்கிலத்தில். அந்த அளவுக்கு உழைத்த ஒரு தமிழ் நூலை என்னால் சுட்டிக்காட்ட முடியவில்லை.

சுபேதார் சுப்பிரமணியன் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? 1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. கண்ணிவெடி தேடிப் போன சிறு குழுவில் ஒருவர் கால் வெடிமேல் பட்டது. பின்னால் வந்தவர்களைக் காக்க சுப்பிரமணியன் அதன்மேல் விழுந்தார். தான் இறந்து மற்றவர்களைப் பிழைக்க வைத்தார். ஜார்ஜ் கிராஸ் கொடுத்தார்கள். அவர் காஞ்சிபுரம் பக்கத்துக்காரர். நம் பாடப்புத்தகத்தைப் படித்து வளர்ந்த யாரிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

1971-இலும் இதே கதைதான். மேற்கு முனையில் நடந்த பசந்தர் போரில் டாங்கிக்குள்ளேயே உயிர்விட்ட அருண் கேத்தர்பாலை நாடறியும், அறிய வேண்டியவர்தான். டிசம்பர் 15 இரவு அந்த டாங்கிகள் புகுவதற்காகக் கண்ணிவெடி வயலில் பாதை திறந்தது 9 இன்ஜினியர் ரெஜிமென்ட், மெட்ராஸ் சாப்பர்ஸ். வேலை முடிவதற்குள் டாங்கிகள் உள்ளே போய்விட்டன. அந்த இரவில் மண்டியிட்டு மண்ணைத் துழாவியவர்களில் உங்கள் அப்பா இருந்திருக்கலாம். பெட்டியில் பச்சிமி ஸ்டார் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

பர்மா, இத்தாலிப் போர்நாள்களின் யூனிட் டைரிகள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பர்மா முனைக்கு டபிள்யூ.ஓ. 172 என்ற வரிசை. அவற்றில் ஜவான் பெயர் அநேகமாக வராது, அதிகாரிகள் பெயர்தான் வரும். ஆனால் எந்தக் கம்பெனி எந்த நாளில் எந்த ஆற்றங்கரையில் இருந்தது என்பது இருக்கும். ஆகவே கம்பெனி நம்பர் தெரிந்தால் அப்பாவின் நாள்கள் கிடைக்கும். தெரியாவிட்டால் எத்தனை காப்பகம் இருந்தும் பயனில்லை. சுதந்திரத்துக்குப் பிந்தைய போர் ஆவணங்களைப் பொதுவாக 25 ஆண்டுகளில் திறக்கும் கொள்கையை 2021 ஜூனில் பாதுகாப்பு அமைச்சகம் அறிவித்தது. பெங்களூரு அல்சூரில் மெட்ராஸ் சாப்பர்களுக்கே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவேடு இருக்கிறது. இல்லாதது நம் வீட்டில் இருந்திருக்க வேண்டிய அந்த நம்பர்.

அப்பா இருக்கிறார் என்றால் இந்த ஞாயிற்றுக்கிழமை உட்காருங்கள். எந்தக் கம்பெனி, எந்த வருஷம், கமாண்டர் யார், பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் எந்த ஊர் என்று கேளுங்கள். இந்தி கலந்து, தேதி மாறிச் சொல்வார், திருத்தாமல் எழுதிக்கொள்ளுங்கள். அவர் இல்லையென்றால் பெட்டி மூடியின் பச்சைப் பெயின்ட்டைச் சுரண்டிப் பாருங்கள், மெடல் விளிம்பைப் பூதக்கண்ணாடியில் படியுங்கள், அவரோடு சேர்ந்து போன அடுத்த தெருக்காரரைத் தேடிப் போங்கள். தள்ளிப்போட நேரமில்லை. பசந்தர் இரவில் இருபது வயதாக இருந்தவருக்கே இப்போது எழுபது தாண்டிவிட்டது.