பத்தாயமும் பந்தியும்

பழைய மரச்சாமான்களால் சாப்பாட்டு அறையை அழகுபடுத்துவது இன்று நாகரிகமாகிவிட்டது. நல்லதுதான், வயிரம் பாய்ந்த பலாவும் தேக்கும் விறகாவதைவிட மேசையாவது மேல்.

எங்கள் இராஜாக்கமங்கலத்தில் ஒரு பெரிய வீட்டை இடித்தபோது நெல் பத்தாயம் விலைபோயிற்று. அதன் பலகைகள் வாங்கியவர் வீட்டில் சாப்பாட்டு மேசையாகப் பளபளக்கின்றன. கல்லூரி மாணவன் என்று எனக்கு அங்கே நாற்காலி போட்டார்கள். அந்தப் பத்தாயத்தை நெல் சுமந்து நிறைத்த என் பாட்டிக்கோ இலை விழுந்தது புறவாசலில்!

பத்மநாபபுரம் அரண்மனையின் ஈரடுக்கு ஊட்டுப்புரையில் ஒரே வேளையில் 2000 பேர் உண்ண முடிந்தது. மேசை ஏது? தரையில்தான் பந்தி. அங்கும் எல்லோருக்கும் இடம் இருந்ததில்லை.

நண்பர்களே, பழைய மரத்தைப் போற்றுவோம். ஆனால் வேலைக்கு வந்தவரும் அந்த மேசையில் நம்மோடு அமர்ந்து உண்ணட்டும். அதன்பிறகே அது அலங்காரம்.