சிறிய வால்வு ஆம்ப்களும் 'காது உள்ளவர்களும்'

சற்று நீண்ட பதிவு. கித்தார் வாசிக்கும் ஆய்வு மாணவர்களையும், வாசிக்காவிட்டாலும் ஒலியியல் தாள் ஒன்றையேனும் எழுதித் தேறியவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

ஐந்து வாட் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கி, அதன் உள்ளிருக்கும் மின்தேக்கிகளையும் வால்வுகளையும் ஒவ்வொன்றாக மாற்றி, 'தொனி மேம்பட்டுவிட்டது' என்று அறிவிப்பது கித்தார் வாசிப்போரிடையே தனியொரு பண்பாடாகவே வளர்ந்துவிட்டது. மாற்றிப் பார்ப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. என் மறுப்பெல்லாம் அந்த அறிவிப்பின்மீதுதான். 'மேம்பட்டது' என்பது புலனுணர்வு பற்றிய ஒரு கூற்று. அத்தகைய கூற்றுகளைச் சோதிக்கும் முறைகளை நம் துறை அறுபது எழுபது ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறது. இருந்தும், ஆய்வுக்கூடத்தில் அவற்றைப் பின்பற்றுகிற அதே மனிதர்கள் விடுதி அறைக்குத் திரும்பியதும் 'காதால் கேட்டால் தெரியும்' என்று முடித்துவிடுகிறார்கள்.

இந்த ஆம்ப்கள் ஏன் இவ்வளவு மாற்றத்துக்கு உள்ளாகின்றன என்பதற்குக் காரணம் அவற்றின் எளிமை. 1950களின் ஃபெண்டர் சாம்ப் 5எஃப்1 சுற்றில் மூன்றே வால்வுகள்: முன்பெருக்கத்துக்கு ஒரு 12ஏஎக்ஸ்7, திறன் பெருக்கத்துக்கு ஒரு 6வி6, மின்னோட்டத்தைத் திருத்த ஒரு 5ஒய்3. ஒரே ஒரு குமிழ். 2005 வாக்கில் வந்த எபிஃபோன் வால்வ் ஜூனியரில் இன்னும் குறைவு: ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு இஎல்84, அவ்வளவே. முழுச் சுற்றையும் ஒரு தாளில் வரைந்துவிடலாம். புரிந்துகொள்ளக்கூடிய பொருளைக் கை சும்மா விடுமா?

மாற்றத்துக்கு மதிப்புமிக்க வரலாறும் உண்டு. 1962இல் இலண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் உருவான ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சுற்றின் ஏறத்தாழ நேரடிப் படி. ஆயினும் அது வேறு ஒலியாகவே கேட்டது. சுற்றில் செய்த சில மாற்றங்களுக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் ஃபெண்டரில் பின்புறம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் இருந்தன. மார்ஷலில் மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலெஸ்டியன்கள் இருந்தன. இந்த வேறுபாட்டைப் பின்னணிச் செய்தியாகத் தள்ளிவிட்டு வால்வின் பெயரையும் மின்தேக்கியின் நிறத்தையும் பற்றி மணிக்கணக்கில் பேசுவது விந்தையானது.

பேச்சொலியியல் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையே இருக்கக்கூடாது. 1960இல் குன்னார் ஃபாண்ட் விரித்துரைத்த மூலம்-வடிப்பான் கோட்பாட்டை நினைவுகூர்க. குரல்வளை எழுப்புவது மேற்சுரங்கள் நிறைந்த ஒரு மூல ஒலி; 'ஆ'வையும் 'ஈ'யையும் பிரித்துத் தருவது வாயறையின் வடிவம். ஆம்பில் வால்வு குரல்வளையின் இடத்தில் இருக்கிறது. ஒற்றை வால்வில் இயங்கும் திறன் நிலை, அடிப்படை அதிர்வெண்ணின் இரு மடங்கான மேற்சுரத்தைத் தாராளமாகச் சேர்க்கிறது. எதிரெதிராக இரு வால்வுகள் இயங்கும் பெரிய ஆம்ப்களின் திறன் நிலையில் இரட்டைப்படை மேற்சுரங்கள் பெருமளவு ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. சிறிய ஆம்புக்கென ஒரு குணம் உண்டு என்பது ஆகவே கற்பனையன்று. ஆனால் அந்த மூல ஒலி காதை அடையுமுன் ஸ்பீக்கர் என்னும் வாயறையைக் கடக்கவேண்டும். கித்தார் ஸ்பீக்கர்கள் ஏறக்குறைய 5000 ஹெர்ட்சுக்கு மேல் வேகமாகத் தளர்ந்துவிடுகின்றன. அதற்குக் கீழே ஒவ்வொன்றுக்கும் தனக்கான மேடுபள்ளங்கள் உண்டு. வாயறையை அப்படியே வைத்துக்கொண்டு குரல்வளையை மட்டும் மெருகேற்றி 'ஆ'வை 'ஈ' ஆக்க முயல்வதுபோன்றதுதான், 8 அங்குல மலிவு ஸ்பீக்கரை மாற்றாமல் மற்ற அனைத்தையும் மாற்றுவது.

உரத்தின் கணக்கும் இதையே சொல்கிறது. திறனைப் பத்து மடங்காக்கினால்தான் கேட்கும் உரம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும். 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் இடையே இருப்பது அவ்வளவுதான். மறுபுறம், உணர்திறன் 3 டெசிபல் கூடிய ஸ்பீக்கரைப் பொருத்துவது ஆம்பின் திறனை இரட்டிப்பாக்குவதற்குச் சமம். 12 அங்குல கித்தார் ஸ்பீக்கர்கள் பலவும் 97 முதல் 100 டெசிபல் வரை தருபவை. சிறிய மலிவு ஸ்பீக்கர்கள் அதைவிடப் பல டெசிபல் கீழே நிற்பவை. உதவித்தொகை எப்போது வரும் என்று தெரியாத ஒருவர் முதலில் எதற்குச் செலவிடவேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. தன் ஆம்பை வெளியே இருக்கும் ஒரு 12 அங்குலப் பெட்டியுடன், மின்தடை அளவு பொருந்துகிறதா என்று மட்டும் பார்த்து, ஒருமுறை இணைத்துக் கேட்டபிறகே அவர் சால்டரிங் இரும்பைத் தொடவேண்டும்.

சுற்றில் செய்யும் மாற்றங்கள் எல்லாமே மனமயக்கம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளவேண்டாம். கேத்தோடில் 1.5 கிலோஓம் மின்தடைக்கு இணையாக 25 மைக்ரோஃபாரட் மின்தேக்கி இருந்தால் அதன் திருப்புமுனை 4 ஹெர்ட்சுக்கு அருகில் விழும். கித்தாரின் முழு வீச்சும் சமமாகப் பெருக்கம் பெறும். அதை எடுத்துவிட்டு 0.68 மைக்ரோஃபாரட் வைத்தால் அந்தப் புள்ளி 156 ஹெர்ட்சுக்கு ஏறுகிறது. கித்தாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். ஆகவே அடித்தொனி மெலிகிறது, கலங்கல் குறைகிறது. எதிர்ப் பின்னூட்டக் கம்பியைத் துண்டித்தால் ஒலி உரத்து, முரடாகிறது. பெருக்கக் காரணி 100 உள்ள 12ஏஎக்ஸ்7க்குப் பதிலாக 44 உள்ள 12ஏஒய்7ஐச் செருகினால் உடைவு தாமதமாக வருகிறது. இவற்றைக் கணக்கிடலாம், அளக்கலாம், கேட்கவும் செய்யலாம்.

ஆனால் அதே 0.022 மைக்ரோஃபாரட் இணைப்பு மின்தேக்கியை ஒரு நிறுவனத்தினுடையதிலிருந்து இன்னொரு நிறுவனத்தினுடையதாக, பத்து மடங்கு விலையில் மாற்றி, 'திரை விலகியதுபோல் இருக்கிறது' என்பது வேறு வகைக் கூற்று. பழைய காகித மின்தேக்கி நேர்மின்னோட்டத்தைக் கசியவிட்டு அடுத்த வால்வின் நிலையைக் குலைத்திருந்தால் மாற்றம் கேட்கத்தான் செய்யும். அது பழுது நீக்கமே அன்றி அழகியல் அன்று. இன்னொரு நம்பிக்கை, வால்வுத் திருத்தியைப் பொருத்தினால் சிறிய ஆம்பிலும் மின்னழுத்தம் தாழ்ந்தெழும் அந்த 'மிதப்பு' வரும் என்பது. ஒற்றை வால்வு வகுப்பு-ஏ ஆம்ப், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் ஏறக்குறைய ஒரே மின்னோட்டத்தையே இழுக்கிறது. தாழ்ந்தெழ அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. கேட்கும் வேறுபாடு பெரும்பாலும் மின்னழுத்தம் நிலையாகவே குறைந்ததால் வருவது. அதை ஒரு மின்தடையாலும் பெறலாம்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். என் உண்மையான வருத்தம் இங்கேதான். ஒரு மாற்றத்தைச் செய்ய அரைமணியேனும் ஆகும். இணைப்பைப் பிடுங்கி, மின்தேக்கிகளின் மின்னேற்றத்தை வடித்து, சால்டர் செய்து, மூடி, மீண்டும் வால்வு சூடேறும்வரை காத்திருக்கவேண்டும். ஒலியின் நுண்கூறுகளை நினைவு காப்பது சில வினாடிகளுக்கே. பிறகு எஞ்சுவது ஒலியன்று, அதற்கு நாம் இட்ட பெயர். ஆகவே அரைமணிக்குப் பின் ஒருவர் ஒப்பிடுவது புதிய ஒலியையும், பழைய ஒலியைப் பற்றித் தாம் சொன்ன சொல்லையும். இதனுடன் உரத்தைச் சேருங்கள். உரம் மாறினால் அடித்தொனியும் மேல்தொனியும் நம் காதில் ஒரே விகிதத்தில் மாறுவதில்லை என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே காட்டினார்கள். பெருக்கத்தைக் கூட்டும் எந்த மாற்றமும், வேறொன்றும் செய்யாவிட்டாலும், 'உயிரோட்டமாக' ஒலிக்கும். கண்ணின் தலையீடு பற்றி நம் மாணவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்: 1976இன் மெக்கர்க் விளைவில், காதில் 'ப'வும் கண்ணில் 'க'வும் விழ, மூளை 'த' போன்றதொரு ஒலியைக் கேட்கிறது. இங்கே கண்முன் இருப்பது தன் கையால் மாற்றிய, தன் பணத்தில் வாங்கிய பாகம்.

'வாசிப்பவரின் விரலுக்குத்தான் தெரியும், பதிவைக் கேட்டுச் சொல்லமுடியாது' என்ற எதிர்வாதம் வலுவானது. அதை எள்ளி ஒதுக்கமாட்டேன். ஆனால் அதற்கும் சோதனை உண்டு. கிளாடியா ஃப்ரிட்ஸும் பிறரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 21 வயலின் கலைஞர்கள் கண்ணை மறைக்கும் கண்ணாடி அணிந்து, புதிய வயலின்கள் மூன்றையும் ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்கள் மூன்றையும் தாங்களே வாசித்துப் பார்த்தார்கள். மிகவும் விரும்பப்பட்டது ஒரு புதிய வயலின். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஒரு ஸ்ட்ராடிவாரி. விடுதி அறையில் நடந்த சோதனை என்று குறை கூறப்பட்டபின், அக்குழுவினர் பத்துத் தனிக்கலைஞர்களை அரங்கிலும் வாசிக்கவைத்து 2014இல் மீண்டும் வெளியிட்டார்கள். அப்போதும் புதியவையே முந்தின.

ஆம்புக்கு இதைவிட எளிது. கித்தாரை ஒருமுறை நேரடியாகப் பதிந்துகொள்ளுங்கள். அதே பதிவை, கித்தாரின் அளவுக்குத் தணித்து, மாற்றத்துக்கு முன்னும் பின்னும் ஆம்பின் வழியே செலுத்துங்கள். மைக்கை அசைக்கவேண்டாம், ஸ்பீக்கரின் நடுவிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் விலகினாலே ஒலி மாறும், பெரும்பாலான மின்தேக்கிகளால் மாறுவதைவிட அதிகமாக. இரு பதிவுகளின் உரத்தையும் சமமாக்கி, கோப்புகளின் பெயரை நண்பர் ஒருவரை மாற்றச் சொல்லி, ஏபிஎக்ஸ் முறையில் 12 முறை கேளுங்கள். லிபர்மன் குழுவினர் 1957இல் மெய்யொலிகளுக்குப் பயன்படுத்திய அதே முறைதான். பத்து அல்லது அதற்குமேல் சரியாகச் சொன்னால், குருட்டாம்போக்கில் அது நேரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. ஒன்பது போதாது. ஒரு மாலைப்பொழுது போதும். செலவு ஒரு தேநீர்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம், பணத்தைவிட வேறொன்று. இத்தகைய கூட்டங்களில் வேறுபாடு கேட்கவில்லை என்று ஓர் இளைய மாணவர் சொன்னால் அவருக்குக் கிடைக்கும் பதில், 'உனக்கு இன்னும் காது வரவில்லை'. அடுத்த முறை அவரும் கேட்டதாகச் சொல்லிவிடுவார். கேட்கவில்லை என்பதும் ஒரு தரவு என்று ஒப்புக்கொள்ளாத இடத்தில் பொய் சாட்சி பெருகும். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெடுத்த 'வெதுவெதுப்பு', 'பாலாடை', 'பழுப்பு' முதலிய சொற்கள் இந்த அதிகாரத்துக்கு நல்ல மறைவிடம். எந்த அதிர்வெண்ணைக் குறிக்கின்றன என்று கேட்டால் சொல்பவருக்கே தெரியாது. நம் மொழியின் ஒலிக்குறிப்புகள், கணீர், கரகர, ஞணஞண, மந்தம் என்பவை, இந்த வகையில் நேர்மையானவை. அவை ஒலியையே சுட்டுகின்றன. இவற்றைக்கொண்டு தொனியை விவரிக்கச்சொல்லி, விவரிப்போர் ஒருவருக்கொருவர் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளப்பது முதுகலை மாணவர் ஒருவருக்கு நல்ல ஆய்வேட்டுத் தலைப்பு.

கடைசியாக, இங்கே திறந்து பார்க்க விரும்புவோருக்கு. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. பழைய ரேடியோ பழுதுபார்ப்பவர்களிடம் அவை இன்னும் கிடைக்கக்கூடும், மோசமானவையும் அல்ல. அமெரிக்காவிலிருந்து 120 வோல்ட் ஆம்பைக் கொண்டுவருவோர் மின்னழுத்தம் குறைக்கும் மின்மாற்றியோடு நின்றுவிடக்கூடாது. 60 ஹெர்ட்சுக்கு மட்டும் வடிவமைத்த மின்மாற்றி நம் 50 ஹெர்ட்சில் கூடுதலாகச் சூடேறும். ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பை இயக்கினால் வெளியீட்டு மின்மாற்றி எரியக்கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தச் சின்னப் பெட்டிக்குள் 300 வோல்ட் வரையும் அதற்கு மேலும் ஓடுகிறது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் வடிகட்டி மின்தேக்கிகளில் அது தங்கியிருக்கும். மின்தடை வழியாக வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்து, அதன் பிறகே கை வைக்கவேண்டும். நம் விடுதிகளில் மூன்று துளைப் பிளக் இருப்பதாலேயே நிலக்கம்பி இருக்கிறது என்று நம்பவேண்டாம். அறையில் தனியாக இருக்கும் இரவில் அந்த மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள்.