வேப்பமரத்தில் நடந்த கூட்டமும் நாங்கள் போட்ட கூட்டமும்



போன மாசம் நம்ம ஆலயத்து வேப்பமரத்துல தேனீக் கூட்டம் ஒன்னு வந்து தொங்கியது ஞாபகம் இருக்கும். புகை போட்டு விரட்டலாம்னு எங்கள்ல சிலர் சொன்னோம். குருக்கள் ஐயா, "விடுங்க, அதுவா போயிடும்" என்றார். கயிறு கட்டி, பிள்ளைங்க கிட்ட போகாம பார்த்துக்கிட்டோம். மறுநாள் மதியம் மொத்தமும் பறந்து போச்சு.

அதுவரைக்கும் அதுங்க அங்க என்ன செஞ்சுதுன்னு பிறகு படிச்சுத்தான் தெரிஞ்சுக்கிட்டோம். கூட்டம் போட்டிருக்குங்க!

கூடு நிறைஞ்சதும் பழைய ராணியோடு பெரும்பகுதி தேனீக்கள் வெளியேறி ஒரு கிளையில் தங்கும். அதில் சில நூறு மட்டும் புது இடம் தேடிப் போகும். நல்ல பொந்தைக் கண்ட தேனீ திரும்பி வந்து, திசையையும் தூரத்தையும் ஆடிக் காட்டும். இந்த ஆட்டத்தின் அர்த்தத்தைக் கண்டுபிடித்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-ல் நோபல் பரிசு பெற்றார். தேனீக்கள் எப்படி வீடு தேர்ந்தெடுக்குதுன்னு தோமஸ் சீலி என்ற அமெரிக்கப் பேராசிரியர் பல வருஷம் ஆராய்ந்தார்.

இதில் இரண்டு விஷயம் எங்களை உறுத்துச்சு. ஒரு தேனீ ஆடுதுன்னு மற்றது உடனே சேர்ந்து ஆடாது. தானே போய் அந்த இடத்தைப் பார்த்துட்டு வந்துதான் ஆடும். அடுத்தது, எவ்வளவு நல்ல இடமா இருந்தாலும், முதல்ல சொன்ன தேனீ ஒவ்வொரு தடவையும் ஆட்டத்தைக் குறைச்சுக்கிட்டே வந்து நிறுத்திடும். இடம் உண்மையிலேயே நல்லதா இருந்தா மற்றவங்க எடுத்துச் சொல்வாங்க. ராணி அங்கேயேதான் இருக்கும், ஆனா முடிவு அதுவுடையது இல்ல.

இப்போ நம்ம திருவிழாக் கூட்டத்துக்கு வருவோம். அன்னதானக் கூடாரத்தைப் பின்பக்கம் மாற்றலாம்னு ஒரு தம்பி சொன்னார். போன வருஷம் மழையில முன்பக்கம் தண்ணி நின்னு, வயசானவங்க தட்டோடு நனைஞ்சதை அவர் பார்த்தவர். நாங்க என்ன சொன்னோம்? "நேத்து வந்த பையன், இருபது வருஷமா அங்கதான் போடுறோம்." எங்கள்ல ஒருத்தர்கூட எழுந்து போய் அந்த இடத்தைப் பார்க்கல. அதுக்குப் பிறகு அந்தத் தம்பி மூணு வாரமா தொண்டுக்கு வரல.

தொழிற்சாலையில் மெஷின் நின்னா ஆபீஸ்ல உட்கார்ந்து பேச மாட்டோம், லைனுக்குப் போய்ப் பார்ப்போம். எங்க கோளாறுன்னு பல நேரம் சொல்றது பக்கத்துல நிக்கிற புது ஆள்தான். வேலையிடத்தில் தெரிஞ்சது ஆலயத்தில் எங்களுக்கு மறந்து போச்சு.

அனுபவத்துக்கு மதிப்பில்லையான்னு கேட்கலாம். உண்டு. தேனீயில் இடம் தேடிப் போறதே வயசில் மூத்ததுங்கதான். ஆனா அதுங்க கண்டதைச் சொல்லிட்டு ஒதுங்கிக்குதுங்க. நாங்கதான் பிடிச்சதை விட மாட்டேங்கிறோம்.

வர்ற ஞாயிறு காலைப் பூஜை முடிஞ்சதும் செயற்குழுவும் தொண்டர்களும் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் நடந்து பார்ப்போம். பார்த்த பிறகு பேசுவோம். அந்தத் தம்பி அவசியம் வரணும். அன்னைக்குப் பேசினதுக்கு நாங்க நேரிலேயே மன்னிப்பு கேட்டுக்கிறோம்.

முருகா சரணம்.