இருட்டைப் பரிந்துரைக்கலாமா?

இரண்டாம் ஆண்டு, இளமறிவியல் (இயற்பியல்)

வல்லத்திலிருந்து கல்லூரிக்கு வரும் காலைப் பேருந்தில் முதலாண்டு மாணவி ஒருத்தி சென்ற மாதம் என் தோளைத் தட்டினாள். "அக்கா, டெத் நோட் முழுசா பாத்து முடிச்சிட்டேன். அதவிட இருட்டா ஏதாவது இருந்தா சொல்லுங்கக்கா" என்றாள். ஓராண்டுக்கு முன் இதே கேள்வியைக் கேட்டிருந்தால், பேருந்து செஞ்சி வந்து சேர்வதற்குள் பத்துப் பெயர்களை எழுதிக் கொடுத்திருப்பேன். அன்று ஒரு பெயரும் சொல்லாமல், "நாளைக்குச் சொல்றேன் தங்கச்சி" என்று தட்டிக் கழித்தேன். ஒரு படத்தின் பெயரைச் சொல்ல இவ்வளவு தயக்கம் எதற்கு? அந்தத் தயக்கத்தின் காரணத்தையும், மறுநாள் நான் அவளுக்குச் சொன்ன பதிலையும் இங்கே எழுத விழைகிறேன்.

அனிமே என்பது ஜப்பானியர் வரைந்து அசையவிடும் படங்களும் தொடர்களும் ஆகும். இப்பெயர் புதிதாய்த் தோன்றும் பேராசிரியப் பெருமக்கள் தம் வீட்டுக் குழந்தைகள் பார்க்கும் டோரேமானையும் ஷின்சானையும் நினைத்துக்கொள்ளலாம். அதே கலையில் வளர்ந்தவர்களுக்கென்று ஆக்கப்படும் இருண்ட கதைகளும் உண்டு. 2006 அக்டோபரில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்த டெத் நோட் அவற்றுள் ஒன்று. 37 பகுதிகள். எவர் பெயரை எழுதினாலும் அவரைச் சாகடிக்கும் குறிப்பேடு ஒன்று, படிப்பில் முதல்வனான லைட் யாகமி என்னும் மாணவன் கையில் கிடைக்கிறது. குற்றவாளிகளை மட்டும் ஒழிப்பேன் என்று தொடங்குகிறான். தன்னைத் தேடி வரும் நல்லவர்களையும் ஒழிப்பதில் போய் நிற்கிறான். நீதி என்று எண்ணித் தொடங்கியது எந்த இடத்தில் வெறியாக மாறிற்று என்பதைப் பார்ப்பவரே கண்டுகொள்ள வேண்டும்.

"படிக்கிற பிள்ளைகளுக்கு எதற்கு இந்தச் சாவும் அழுகையும்?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை நான் நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவுக்கு அழைக்கிறேன். செஞ்சியை அடுத்த மேலச்சேரி முதல் நம் சிற்றூர்கள் வரை, பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பதை நாம் அனைவரும் அறிவோம். துகில் உரிதல், அரவான் களப்பலி, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று இரவுக்கு ஒரு கதை. இதைவிட நீண்ட, இதைவிட இருண்ட தொடர் வேறு உண்டா? தன் பக்கத்தார் வெல்வதற்காகத் தன் பக்கத்தாராலேயே பலியிடப்படும் அரவானைப் போன்றதொரு நாயகனை ஜப்பானியரும் இன்னும் படைக்கவில்லை என்பேன்.

அந்தக் கூத்துக்கு என் ஆயா என்னை ஐந்து வயதிலேயே அழைத்துப் போனார். அவர் மடியில் தூங்கி, மத்தள ஓசையில் விழித்து, "ஏன் ஆயா அழுவுற?" என்று கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கதையைச் சொன்னார். சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருந்தது. காலையில் படுகளம் முடிந்தது. மாலையில் தீமிதி நடந்தது. பொரி உருண்டையும் வளையலும் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினோம். பள்ளிக்கூடம் போகாத நம் முன்னோர்க்கு ஒன்று தெரிந்திருந்தது. இருட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம். காட்டும்போது பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். முடிந்ததும் பேச வேண்டும்.

இன்று நாம் பார்ப்பது எப்படி? நள்ளிரவில், போர்வைக்குள், கையகலக் கைபேசியில், தனியே பார்க்கிறோம். ஒரு பகுதி முடிந்ததும் மூச்சு விடுவதற்குள் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. அழுதால் கேட்பதற்கு ஆயா இல்லை. கதையின் இருட்டைவிட இந்தத் தனிமையே கெடுதல் என்பது என் கருத்து. இதை நான் நூலில் படித்து அறியவில்லை. ஒரு தவறு செய்து அறிந்தேன்.

சென்ற ஆண்டு என் வகுப்புத் தோழி ஒருத்தி "நல்ல படம் ஒண்ணு சொல்லேன்" என்றாள். அப்போதுதான் நான் கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃபிளைஸ் என்னும் படத்தைப் பார்த்திருந்தேன். இசாவோ தகஹாதா இயக்கி 1988-இல் வெளிவந்தது. போர்க்காலத்தில் கோபே நகரில் குண்டுவீச்சுக்குத் தாயைப் பறிகொடுத்த ஓர் அண்ணனும் நான்கு வயதுத் தங்கையும் பசியோடு போராடும் கதை. போரின்போது உணவின்றித் தன் தங்கையை இழந்த அகியூகி நோசாகா 1967-இல் எழுதிய சிறுகதையே அதற்கு மூலம். பார்த்து அழுத ஈரம் காய்வதற்குள் அதன் பெயரை அவளுக்குச் சொல்லிவிட்டேன். அவள் பள்ளியில் படிக்கும்போது தன் தம்பியை நோய்க்குப் பறிகொடுத்தவள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த நேரத்தில் நினைக்கவில்லை. இரண்டு நாள் அவள் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாம் நாள் வந்தவள், "சொல்றதுக்கு முன்னாடி என்ன ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியாடி?" என்று மட்டும் கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

பின்னாளில் ஒரு செய்தியைப் படித்தேன். 1988 ஏப்ரல் 16 அன்று ஜப்பானிய அரங்குகளுக்கு இந்தப் படம் வந்தபோது, அதே ஸ்டுடியோ ஜிப்லியில் உருவான மை நெய்பர் டோட்டோரோவும் சேர்த்தே திரையிடப்பட்டது. அம்மா மருத்துவமனையில் இருக்க, இரு சிறுமிகள் காட்டில் வாழும் பெரிய, அன்பான உயிர் ஒன்றோடு நட்புக்கொள்ளும் கதை அது. அழவைக்கும் படமும் அணைத்துக்கொள்ளும் படமும் ஒரே சீட்டில்! படுகளமும் தீமிதியும் ஒரே நாளில் நடக்கும் நம் ஊர் எனக்கு நினைவுக்கு வந்தது. என் தோழிக்கு நான் முதற்படத்தை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகவே, இருண்ட கதைகளைப் பரிந்துரைக்கவே கூடாது என்று நான் முடிவு கட்டவில்லை. யாருக்கு, எப்போது, எதை என்று கேட்டுக்கொள்ளக் கற்றேன். நான் பார்த்தவற்றுள் சிலவற்றை அந்த நோக்கிலேயே இங்கே வைக்கிறேன். எதிலும் முடிவைச் சொல்லமாட்டேன். சொன்னால் அந்தப் பாவம் என்னைச் சும்மா விடாது.

அறிவுப் போட்டியை விரும்புவோர்க்கு தி பிராமிஸ்ட் நெவர்லேண்ட். 2019-இல் வந்த முதற்பருவம் 12 பகுதிகளே. அன்பான 'அம்மா' ஒருவர் வளர்க்கும் அனாதை இல்லம். பிள்ளைகளுக்கு நல்ல உணவு, தூய உடை, நாள்தோறும் தேர்வு. அந்த இல்லம் எதற்காக நடக்கிறது என்பதை எம்மா, நார்மன், ரே என்னும் 11 வயதுப் பிள்ளைகள் அறிகிறார்கள். முதற்பகுதியின் கடைசியில் ஒரு கொடிய காட்சி உண்டு. அதற்குப்பின் இரத்தம் குறைவு, அச்சம் மிகுதி. இரண்டாம் பருவம் அவ்வளவு சிறப்பாக அமையவில்லை. முதலோடு நிறுத்தி, மூலச் சித்திரக்கதையைத் தேடிப் படிப்பது நல்லது.

மதிப்பெண்ணால் சுடுபட்டவர்களுக்கு சைக்கோ-பாஸ். 2012 அக்டோபர் முதல் 2013 மார்ச் வரை வந்த முதற்பருவம் 22 பகுதிகள். எதிர்கால ஜப்பானில் சிபில் என்னும் அமைப்பு ஒவ்வொருவர் மனத்தையும் அளக்கிறது. குற்ற எண் 100-ஐத் தாண்டினால், குற்றமே செய்யாவிடினும் அவர் குற்றவாளி. 300-ஐத் தாண்டினால் காவலர் கையிலுள்ள துப்பாக்கி அவரைக் கொல்ல அனுமதி பெறுகிறது. யார் எந்த வேலைக்குத் தகுதி என்பதையும் அந்த அமைப்பே சொல்கிறது. என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த அன்று, ஓர் எண் என் அப்பாவின் முகத்தை எப்படியெல்லாம் மாற்றிற்று என்று பார்த்தவள். அந்த எண் என்னைப் பற்றி எதைச் சொன்னது, எதைச் சொல்லவில்லை என்று என்னை முதலில் கேட்க வைத்தது இத்தொடரே. ஆனால் இதில் குருதி மிகுதி. அதைத் தாங்காதவர்களுக்குச் சொல்லிவிட்டே தர வேண்டும்.

பொறுமையுள்ளவர்களுக்கு ஃப்ரம் தி நியூ வேர்ல்டு. யூசுகே கிஷி 2008-இல் வெளியிட்ட நாவலை ஒட்டி 2012-இல் தொடங்கிய 25 பகுதிகள். ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் ஓர் அழகிய சிற்றூர். மனத்தால் பொருளை அசைக்கும் ஆற்றல் அங்கே எல்லோர்க்கும் உண்டு. அதில் தேறாத பிள்ளைகள் ஒருநாள் காணாமற்போகிறார்கள்; அவர்களைப் பற்றி எவரும் பேசுவதில்லை. மனிதர்க்கு ஊழியம் செய்ய வேறோர் இனமும் உண்டு. யாரை மனிதர் கணக்கில் சேர்ப்பது, யாரைத் தள்ளுவது என்று முடிவு செய்தவர் யார்? ஊர் என்றும் சேரி என்றும் பிரித்து வைக்கப்பட்ட மண்ணில் பிறந்த நமக்கு இக்கேள்வி புதிதன்று.

இனி அட்டாக் ஆன் டைட்டன். 2013-இல் தொடங்கி 2023-இல் முடிந்தது. டெத் நோட்டை இயக்கிய தெத்சுரோ அராகியே இதன் முதற்பருவத்தையும் இயக்கினார். மனிதரைத் தின்னும் அரக்கர்களுக்கு அஞ்சி, 50 மீட்டர் உயர மதில்கள் மூன்றுக்குள் மக்கள் நூறாண்டாக வாழ்கிறார்கள். ஒருநாள் வெளிமதில் உடைகிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளைச் சேர்த்து மதில் வளைத்த கோட்டையின் நிழலில் படிக்கும் நமக்கு இக்கதையை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1690 முதல் 1698 வரை முகலாயப் படை நம் கோட்டையை முற்றுகையிட்டிருந்தது. 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இக்கோட்டை இடம்பெற்றபோது அரசர்களின் பெயர்களை நாம் பெருமையோடு சொன்னோம். அந்த முற்றுகை நாட்களில் மதிலுக்குள் பசித்திருந்தவர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. மதில் காக்கிறதா, அடைக்கிறதா? மதிலுக்கு அப்பால் இருப்பவன் அரக்கன் என்று நமக்குச் சொன்னவர் யார்? இத்தொடர் இக்கேள்விகளில் தொடங்கி, நாம் நேசித்த நாயகனையே நாம் கண்டிக்க வேண்டிய இடத்துக்குக் கொண்டுபோகிறது. இதைத் தனியே பார்த்து முடித்தவர்களுள் சிலர் வெறுப்பையே வீரம் என்று பேசக் கேட்டிருக்கிறேன். கூடிப் பார்த்து விவாதிக்க வேண்டிய தொடர் இது.

மனம் சோர்ந்திருப்பவர்க்கு நான் தரத் தயங்குவது நியான் ஜெனிசிஸ் எவாஞ்செலியன். 1995-இல் தொடங்கிய அதன் 26 பகுதிகளும் உயர்ந்த கலையே. அதை ஆக்கிய ஹிதேயாகி அன்னோ மனச்சோர்வில் உழன்றவர். அந்த வலி படத்தில் அப்படியே இருக்கிறது. தேர்வு நேரத்திலும் துக்க நேரத்திலும் அது வேண்டாம். ஆறிய பின் பார்க்கட்டும்.

இத்தொடர்களை நான் ஆங்கில வரிகளோடு, நிறுத்தி நிறுத்தி, அகராதி புரட்டியே பார்த்தேன். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயர் திரைப்படம் தமிழ்க் குரலோடு அரங்குகளுக்கு வந்தது நல்ல தொடக்கம். சிந்திக்க வைக்கும் தொடர்களும் அவ்வாறு வர வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தங்கைக்கு மறுநாள் என்ன சொன்னேன்? "டெத் நோட்ல உனக்கு எது புடிச்சுது? சாவா, சாமர்த்தியமா?" என்று முதலில் கேட்டேன். "ஒருத்தர ஒருத்தர் மடக்குறாங்க பாருங்க, அதுதான்க்கா" என்றாள். வீட்டில் எல்லோரும் நலமா, மனசு எப்படி இருக்கிறது என்றும் கேட்டுக்கொண்டேன். பிறகு பிராமிஸ்ட் நெவர்லேண்டைச் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முதல் இரண்டு பகுதிகளைச் சேர்ந்தே பார்த்தோம். மீதியை அவள் பார்த்து முடித்த மறுநாள் பேருந்தில், "அக்கா, அந்த அம்மா கெட்டவங்களாக்கா? அவங்களும் பாவந்தானே?" என்று கேட்டாள். செஞ்சி வரும்வரை அதையே பேசினோம். நல்ல கதை செய்ய வேண்டிய வேலை இதுவன்றோ!

மாணவர் பேரவைக்கும் பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள் பிற்பகலில் நம் கல்லூரி அரங்கில் இத்தகைய படம் ஒன்றையோ தொடரின் ஒரு பகுதியையோ திரையிட்டு, அரை மணி நேரம் பேச வழி செய்யுங்கள். நாங்கள் எப்படியும் பார்க்கத்தான் போகிறோம். போர்வைக்குள் தனியே பார்ப்பதைவிட, கூத்துக்களத்தில் ஊர் கூடியதுபோல் கூடிப் பார்க்கிறோம். நீங்களும் வந்து எங்கள் பக்கத்தில் உட்காருங்கள்.