காட்டேரியும் பிரேதப் பரிசோதனையும்

புதுச்சேரியின் கிராமப் பகுதியிலே காட்டேரிக்குப்பம் என்று ஓர் ஊர் இருக்கின்றது. பெயரைக் கேட்டவுடன் வெளியூரார், "அதென்ன, பேய்கள் குடியிருக்கும் குப்பமா?" என்று பரிகாசம் செய்வதுண்டு. காட்டு ஏரி என்று பிரித்தால் பயிர் விளைவிக்கும் தண்ணீர். காட்டேரி என்று சேர்த்தால் பிள்ளைத்தாய்ச்சியின் இரத்தத்தைக் குடிக்கும் பேய். ஊருக்குப் பெயர் எப்படி வந்தது என்ற ஆராய்ச்சி நமக்கு இங்கு வேண்டியதில்லை. அவ்வூர் மக்களும் மற்ற ஊராரைப் போல் உழைத்துப் பிழைப்பவர்களே. பெயரில் காட்டேரி இல்லாத ஊர்களிலெல்லாம் ஜனங்களின் மூளையில் காட்டேரி இன்றும் குடக்கூலி இல்லாமல் குடியிருப்பது எப்படி என்பதே நம் கேள்வி.

கலியாணமாகி இரண்டு மூன்று வருஷமான ஒரு பெண் ஒருநாள் விடியற்காலையில் பிணமாகக் கிடக்கிறாள். முதுகெல்லாம் நீலம் பாரித்திருக்கிறது. மூக்கோரம் சிவந்த நீர். உடனே பூசாரி வருகிறான். "காத்துக் கருப்பு அடித்துவிட்டது, பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும்" என்கிறான். ஊர்ப் பெரியவர்கள் தலையசைக்கிறார்கள். "போலீசுக்குச் சொன்னால் உடலை அறுப்பார்கள், அறுத்தால் ஆவி அலையும்" என்று ஒருவர் ஆரம்பிக்க, பெற்ற தாயும் பயந்து வாயை மூடிக்கொள்ளுகிறாள். மாலைக்குள் எல்லாம் சாம்பலாகிறது. இப்படி எரிக்கப்படுவது பிணம் மாத்திரமா? சாட்சியும் கூடவே எரிக்கப்படுகிறது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த நீலம் எது? இருதயம் நின்றதும் இரத்தத்தைத் தள்ளுவாரில்லை. தண்ணீர் பள்ளத்தைத் தேடுவதுபோல் இரத்தமும் உடலின் தாழ்ந்த பக்கத்தில் போய்த் தங்குகிறது. மல்லாந்து கிடந்தால் முதுகிலும், தூக்கில் தொங்கினால் கால்களிலும் நீலம் காணும். சில மணி நேரத்தில் அது நிலைத்தும் விடும். நீலம் முதுகில் நிலைத்திருக்க உடல் குப்புறக் கிடந்தால், யாரோ பிறகு புரட்டிப் போட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். காட்டேரி அறைந்த அடையாளம் என்று பூசாரி சொல்லும் அதே நீலத்தை வைத்தியன் படித்து, மனிதன் செய்த காரியத்தை வெளியாக்கிவிடுகிறான்.

மூக்கில் வடியும் சிவந்த நீரும் பெரும்பாலும் உடல் அழுகும்போது உண்டாகும் வாயு தள்ளுவதேயாகும். சிதையில் பிணம் கையை மடக்கி எழுந்தது என்கிறார்களே, அது சூட்டில் தசைகள் சுருங்குவதன்றி வேறில்லை. இதற்கு ஆவி எதற்கு? நெருப்பே போதும்.

பிள்ளைத்தாய்ச்சியின் இரத்தத்தைக் குடித்தது யார் என்பதற்கும் பதில் உண்டு. பிரசவத்தில் நில்லாத இரத்தப் பெருக்கும், அந்நேரத்தில் மருந்தும் மாற்று இரத்தமும் கிடைக்காமையுமே குடித்தன. கர்ப்பத்தோடு இறந்த பெண்களுக்காக நம் சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள். வழிப்போக்கன் மூட்டையை இறக்கி வைக்க அது உதவியது, நல்லதுதான். ஆனால் அவள் ஏன் செத்தாள் என்று கேட்கும் வழக்கத்தையும் கூடவே நட்டிருந்தால், எத்தனையோ கற்கள் நடாமலேயே போயிருக்குமல்லவா?

நிற்க, உண்மையைக் கண்டுபிடிக்க நம் முன்னோர் வைத்திருந்த வழியையும் சற்றுப் பார்ப்போம். சுசீந்திரம் கோவிலில் கைமுக்கு என்ற ஒரு வழக்கம் இருந்தது. ஒழுக்கக்கேடு சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை விட வேண்டும். கை வேகாவிட்டால் நிரபராதி. சுவாதித் திருநாள் ராஜாவாக இருந்த 19-ஆம் நூற்றாண்டில்தான் இது நிறுத்தப்பட்டது. நெய்க்கு நியாயம் தெரியுமா? சீனாவிலோ சோங் சு என்னும் நீதிபதி 1247-லேயே பிணப் பரிசோதனைக்கென்று ஒரு நூல் எழுதிவிட்டார். கொலையுண்டவனின் காயம் அரிவாள் வெட்டாக இருந்ததால், ஊரார் அரிவாள்களையெல்லாம் தரையில் வைக்கச் சொன்னதாகவும், ஓர் அரிவாளில் மாத்திரம் ஈ மொய்க்கவே அதற்குரியவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகவும் அந்நூல் சொல்லுகிறது. ஈக்குத் தெரிந்தது நம் கொதிநெய்க்குத் தெரியவில்லை!

நம் பக்கத்திலும் இந்த சாஸ்திரம் நேற்று வந்ததல்ல. 1693-ஆம் வருஷம் ஆகஸ்டில் சென்னைக் கோட்டையில் கவுன்சில் மெம்பர் ஜேம்ஸ் வீலர் திடீரென்று இறந்தார். எட்வர்ட் பல்க்லி என்ற வைத்தியர் உடலை அறுத்துச் சோதித்தார். பாஷாணம் இடித்த கல்வத்தைக் கழுவாமல் அதிலேயே மருந்தை இடித்துக் கொடுத்ததே காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. 1849-ல் சென்னையில் ரசாயனப் பரிசோதகர் சாலை ஏற்பட்டது. 1952-ல் ஆளவந்தார் கொலை வழக்கில் முண்டம் ரயில் பெட்டியில் மானாமதுரையிலும், தலை ராயபுரம் கடற்கரையிலும் அகப்பட்டன. இரண்டும் ஒரே ஆளுடையவை என்று நிரூபித்தவர்கள் மந்திரவாதிகளா? சென்னை மெடிக்கல் காலேஜ் டாக்டரும் கைரேகை நிபுணர்களுமே.

தானே தூக்கிட்டுக்கொண்டவர் கழுத்தில் கயிற்றுத் தடம் பெரும்பாலும் சாய்ந்து மேலேறும். பிறர் கயிற்றால் நெரித்திருந்தால் பெரும்பாலும் கழுத்தைச் சுற்றிக் கிடையாக ஓடும். உயிரோடு எரிந்தவர் மூச்சுக்குழலில் புகைக்கரி இருக்கும். கொன்றபின் கொளுத்தப்பட்ட உடலில் அது இராது. அரளி விதையா, பூச்சி மருந்தா என்பதைக் குடல் சொல்லும். இவற்றையெல்லாம் சாம்பலிடம் கேட்க முடியுமா? கலியாணமாகி ஏழு வருஷத்திற்குள் ஒரு பெண் தற்கொலையாகவோ சந்தேகத்திற்கிடமாகவோ இறந்தால் பிரேதப் பரிசோதனை செய்தே தீரவேண்டும் என்று சட்டமே இருக்கின்றது. 2024 ஜூலை முதல் அமலிலுள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் அது இருக்கின்றது. இருந்தென்ன? சொல்ல வேண்டிய வாயைப் பேய்ப்பயம் அடைத்து வைத்திருக்கிறதே!

இதுவரை கிராமத்தைச் சொன்னோம். படித்தவர்களின் காட்டேரியையும் சொல்லாவிட்டால் நாம் பக்ஷபாதிகளாவோம். பல ஆஸ்பத்திரிகளில் பிணவறைக்குள் கத்தி பிடிப்பவர் யார்? பட்டம் பெற்ற டாக்டர் தள்ளி நின்று எழுத, உடலை அறுத்துத் தைப்பவர் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டவர் என்று ஒதுக்கி வைக்கப்பட்ட வகுப்பிலிருந்து வந்த ஊழியர். பிணம் தீட்டு என்ற எண்ணம் வெள்ளைக் கோட்டுக்குள்ளும் இருக்கிறதென்பதற்கு வேறு ருஜு வேண்டுமா? தொடாதவர் கையெழுத்துக்கு மதிப்பு. தொட்டவருக்குச் சாராய நாற்றம் என்ற ஏச்சு. இதுவா விஞ்ஞானம்? இது வருணாசிரமம் அல்லவா?

பலாத்காரம் செய்யப்பட்ட பெண்ணை இரண்டு விரல் விட்டுச் சோதித்து, அவள் "பழக்கப்பட்டவள்" என்று எழுதிய அக்கிரமமும் வைத்தியத்தின் பெயராலேயே நடந்தது. அது விஞ்ஞானமல்ல, ஆண்களின் கற்புப் புராணமே. சுப்ரீம் கோர்ட் 2013-ல் அதைக் கண்டித்தது; 2022-ல் அதைச் செய்பவர் ஒழுங்கீனக் குற்றவாளி என்றே சொல்லிற்று. ஊசி போட்டு உளற வைத்து உண்மையைக் கறக்கலாம் என்பதும் கொதிநெய்க்குத் தம்பிதான். சம்மதமின்றி அவ்விதம் செய்யக்கூடாதென்று 2010-ல் அதே கோர்ட் தடுத்தது.

ஆகவே தோழர்களே, உங்கள் ஊரில் சந்தேக மரணம் நேர்ந்தால் பூசாரி வாயை மூடுங்கள், பிணம் பேசட்டும். உடலைப் பரிசோதிக்கக் கேளுங்கள். ரிப்போர்ட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அறுப்பது டாக்டரே என்றும், கூட உழைப்பவருக்கு மரியாதையும் கையுறையும் நல்ல சம்பளமும் உண்டு என்றும் சர்க்காரை வற்புறுத்துங்கள். அறுப்பதனால் ஆவி அலையாது. அறுக்காமல் விட்டால் கொலைகாரன் அலைவான். அடுத்த கலியாணத்திற்குப் பெண்ணும் பார்ப்பான். இவ்விரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை உங்கள் அறிவுக்கே விட்டுவிடுகிறோம்.