சிறுதுளி யாருக்குப் பெருவெள்ளம்?

'சிறுதுளி பெருவெள்ளம்' என்னும் வாசகத்தை அஞ்சலகச் சுவர்களில் படித்து வளர்ந்தவர்கள் நம்மில் பலர். சிக்கனம் நற்பண்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் துளியைச் சேர்ப்பவர் ஒருவராகவும் வெள்ளத்தைக் காண்பவர் வேறொருவராகவும் இருப்பாரானால், அந்த அறிவுரையை உரசிப் பார்க்க நாம் கடமைப்பட்டுள்ளோம்.

கட்டட வேலையில் கல் சுமக்கும் சித்தாள், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண், தலைச்சுமையாகக் காய்கறி விற்பவர் ஆகியோருக்குச் சம்பளச் சீட்டும் இல்லை, வருங்கால வைப்பு நிதியும் இல்லை. முதுமைக்குத் தாமாகவே முன்வந்து சேமிக்குமாறு நடுவண் அரசு இவர்களை அழைக்கிறது. அதற்கென வகுக்கப்பட்டவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, 2015இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டம். மற்றொன்று, மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் வருவாய் இல்லாத அமைப்புசாராத் தொழிலாளர்க்காக 2019இல் வந்த பிரதம மந்திரி சிரம் யோகி மான்தன் திட்டம். இரண்டிலும் 18 வயது முதல் 40 வயது வரை சேரலாம். ஓய்வூதியம் 60 வயதில் தொடங்கும்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்ப்போம். 40 வயதில் சேரும் ஒருவர் 3,000 ரூபாய் ஓய்வூதியம் பெற, அடல் திட்டத்தில் மாதம் 873 ரூபாய் கட்ட வேண்டும். சிரம் யோகி திட்டத்தில் 200 ரூபாய் கட்டினால் போதும். அரசும் 200 ரூபாய் போடுகிறது. பின்னது மலிவு என்பது வெளிப்படை. ஆனால் அதில் சேர்ந்தவர் இறந்தால் கணவனுக்கோ மனைவிக்கோ பாதி ஓய்வூதியமே கிடைக்கும். இருவரும் மறைந்தபின் பிள்ளைகளுக்கு ஒன்றும் மிஞ்சாது. அடல் திட்டத்தில் துணைவருக்கு முழு ஓய்வூதியமும், அவருக்குப் பின் நியமனதாரருக்கு 5,10,000 ரூபாயும் உண்டு. அங்கே அரசின் பங்கோ, தொடக்க மாதங்களில் சேர்ந்தவர்களுக்கு மட்டும், ஆண்டுக்கு 1,000 ரூபாய்க்கு மிகாமல், ஐந்தாண்டுகளோடு முடிந்துவிட்டது. சிரம் யோகி திட்டத்திலிருந்து பத்தாண்டுகளுக்குள் விலக நேர்ந்தால், தாம் கட்டியது சேமிப்புக் கணக்கு வட்டியோடு திரும்புமேயன்றி அரசின் பங்கு கிடைக்காது. நோயும் வேலையின்மையும் யார் வீட்டுக் கதவை அடிக்கடி தட்டுகின்றன என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இவை உட்கூறுகள். அடிப்படைக் குறையோ இரண்டுக்கும் பொதுவானது. அரசு உறுதியளிப்பது ரூபாயின் எண்ணிக்கைக்கு மட்டுமே; அந்த ரூபாய் வாங்கும் அரிசிக்கு அன்று. பணவீக்கத்தை ஆண்டுக்கு 4 விழுக்காட்டில் நிறுத்துவது 2016இல் அரசு ஏற்றுக்கொண்ட இலக்கு. அந்த இலக்கு ஓராண்டுகூடத் தவறவில்லை என்றே வைத்துக்கொள்வோம். இன்று 18 வயதில் சேரும் இளைஞன் 42 ஆண்டுகள் கழித்துப் பெறும் 3,000 ரூபாய், இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 578 ரூபாய்தான். அடல் திட்டத்தின் மிகக் குறைந்த ஓய்வூதியமான 1,000 ரூபாயோ 193 ரூபாயாகச் சுருங்கும். ஒரு மாதம் முழுவதற்கும் 193 ரூபாய்! முதலீடு நன்கு ஈட்டினால் அடல் திட்டத்தில் கூடுதலாகவும் கிடைக்கலாம் என்பர். கிடைக்கலாம் என்பது வேறு, கிடைக்கும் என்பது வேறு.

விலைவாசிக்கு ஏற்ப உயரும் ஓய்வூதியம் நடைமுறைக்கு ஒவ்வாதது என்று எவரும் சொல்ல முடியாது. 2025 ஏப்ரலில் நடுவண் அரசு ஊழியர்க்கு நடைமுறைக்கு வந்த ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தில் அகவிலை நிவாரணம் உண்டு. அதை நாம் குறைகூறவில்லை; அது அவர்களுக்கு உரியதே. அலுவலகத்தில் கோப்பு பார்த்தவருக்கு விலை ஏறும் என்று அறிந்த அரசுக்கு, அந்த அலுவலகத்தைக் கட்டிய சித்தாளுக்கும் விலை ஏறும் என்பது தெரியாமற்போனது எப்படி?

'அரசிடம் அவ்வளவு பணம் ஏது?' என்பது வழக்கமான மறுமொழி. பொது வருங்கால வைப்பு நிதியைப் பாருங்கள். 1968 முதல் நடைமுறையில் உள்ள இதுவும் அரசு பொறுப்பேற்கும் விருப்பச் சேமிப்புத்தான். பழைய வரிமுறையைத் தெரிந்தெடுத்து, 30 விழுக்காடு வரி கட்டும் ஒருவர் இதில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் போட்டால், அவருக்கு வரியில் 45,000 ரூபாய் குறைகிறது. வட்டிக்கும் வரி இல்லை. 29 வயதில் சிரம் யோகி திட்டத்தில் சேர்ந்து மாதம் 100 ரூபாய் கட்டும் தொழிலாளிக்கு அரசு ஆண்டு முழுவதும் தருவது 1,200 ரூபாய். ஒன்றுக்குச் 'சலுகை' என்று பெயர். மற்றொன்றுக்கு 'நலத்திட்டம்' என்று பெயர். பெயர்களை மாற்றி வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். பணம் இல்லாமல் இல்லை. அது போகும் திசைதான் வேறு.

ஏழை சேமிக்க அறியாதவன் என்னும் பழியையும் நாம் ஏற்பதற்கில்லை. சீட்டுப் பிடித்தும், அரிசிப் பானையில் காசு மறைத்தும், மகளுக்கென ஒரு கிராம் பொன் வாங்கியும் அவன் குடும்பம் சேமித்தே வருகிறது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ தமது 'ரேரும் நோவாரும்' சுற்றுமடலில் தொழிலாளியின் சேமிப்பைப் பற்றிப் பேசியபோது, குடும்பத்தைத் தாங்கப் போதுமான கூலியை முதலில் வைத்தார். சிக்கனத்தை அதன் பின்னரே வைத்தார். நாமோ வரிசையைத் தலைகீழாக்கி, கூலியைப் பற்றி வாய்திறவாமல் சிக்கனத்தைப் போதிக்கிறோம்.

தகுதியுள்ளோர் இத்திட்டங்களில் சேர வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சேரட்டும், இன்று கைக்கு எட்டுவது இதுவே. ஆனால் மூன்றைக் கேட்பது நம் கடமை. ஓய்வூதியம் விலைவாசியோடு உயர வேண்டும். அரசின் பங்கு எல்லா எளியோர்க்கும் இறுதிவரை கிடைக்க வேண்டும். 41 வயதானவர் முகத்தில் கதவை அடைக்கும் விதி நீங்க வேண்டும். முதுமையின் அச்சம் உறைக்கத் தொடங்குவதே அந்த வயதில்தான்.

நம் வீட்டில் வேலை செய்யும் பெண்ணிடம் இத்திட்டங்களை எடுத்துரைக்குமுன், நாம் அவருக்குத் தரும் கூலியில் மாதம் 200 ரூபாய் மிஞ்சுமா என்று கணக்கிட்டுப் பார்ப்போம். மிஞ்சாதெனில், அறிவுரை அவருக்கு அன்று, நமக்கே.