கூரை துருவைத் தடுக்காது

கனடாவின் தெற்கு ஒன்ராறியோவில் இலையுதிர்காலத் தோட்டவேலை முடிந்ததும், மண்வெட்டி, முள்வாரி, கவாத்துக் கத்தரி முதலியவற்றைக் கராஜின் ஒரு மூலையில் சாய்த்துவைத்துவிட்டால் இளவேனில்வரை அவற்றுக்குக் கேடில்லை என்ற நம்பிக்கை பெரும்பாலான வீடுகளில் ஊறிப்போயிருக்கிறது. மழையும் பனியும் நேரே படுவதால்தான் இரும்பு துருப்பிடிக்கிறது என்ற எண்ணமே இதற்கு வேர். அந்த எண்ணம் முழுக்கப் பிழை. பிரிட்டிஷ் வேதியியலாளர் வெர்னன் 1930களில் செய்த ஆய்வுகள், காற்றின் ஒப்பு ஈரப்பதம், அதாவது ஒரு வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் எத்தனை விழுக்காடு அதில் இருக்கிறது என்னும் அளவு, ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டியதும், மாசு கலந்த காற்றில் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் சட்டென்று ஏறுவதைக் காட்டின. அதற்கு ஒரு துளி மழைகூடத் தேவையில்லை.

கடுங்குளிரைக் குற்றம் சாட்டுவதும் பொருந்தாது. துரு உருவாக நீர்மநிலையில் நீரும் ஆக்சிஜனும் வேண்டுமாதலால், எல்லாம் உறைந்துகிடக்கும் நாட்களில் அவ்வினை மிகவும் மந்தமாகிறது. கேடு விளைவது பனி உருகும் நாளில்தான்: தெற்கிலிருந்து ஈரக்காற்று வீசி வெப்பநிலை சில மணிநேரத்தில் ஏறும்போது காற்று விரைவில் சூடாகிறது, ஆனால் கனத்த இரும்பு முந்திய இரவின் குளிரை நெடுநேரம் விடாமல் வைத்திருக்கிறது, அந்தக் குளிர்ந்த பரப்பு பனிநிலைக்கு, அதாவது காற்றிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலைக்கு, கீழே இருப்பதால், கூரைக்கு அடியிலேயே கருவி வியர்த்துவிடுகிறது. கராஜ் இதை இன்னும் மோசமாக்குகிறது. சாலையில் தூவிய உப்பையும் பனிச்சேற்றையும் சக்கரங்களில் சுமந்து கார் உள்ளே வருகிறது, பனி உருகித் தரை நனைகிறது, ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டை ஒட்டி வந்ததும் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைசலாகி மின்வேதி அரிப்புக்கு வழி திறக்கிறது. கழுவாமல் விட்ட மண்ணும் உரத்தூளும் அதே வேலையைக் கருவியின் மேலேயே செய்கின்றன.

இதற்குத் தீர்வென்று பலர் பரிந்துரைப்பது, வாளி நிறைய மணலில் காரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் எண்ணெயைக் கலந்து கருவிகளை அதில் செருகிவைக்கும் வழக்கம். இது கண்டிக்கத்தக்கது. எண்ணெய்ப் படலம் ஈரத்தைத் தடுக்கும் என்பது உண்மையே. ஆனால் ஓடிய எஞ்சினின் எண்ணெயில் தேய்ந்த உலோகத் துகள்களும், எரிதலில் உண்டாகும் பல்வளைய அரோமாட்டிக் ஹைட்ரோகார்பன்களும் சேர்ந்திருக்கின்றன. பென்சோபைரீன் போன்ற புற்றுநோய் விளைவிக்கும் பொருள்கள் அடங்கிய இக்குழுமத்தை, கீரையும் தக்காளியும் விளையும் பாத்திக்குள் மண்வெட்டியின் வாயிலாகக் கொண்டுசேர்ப்பதைச் சிக்கனம் என்று போற்றுவது எவ்வகையிலும் ஏற்கத்தக்கதன்று.

செய்யவேண்டியது எளியது: மண்ணைச் சுரண்டிக் கழுவி, நன்கு உலர்த்தி, இரும்பின்மேல் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகப் பூசி, தரையிலும் சுவரிலும் படாமல் தொங்கவிடுவது, இயன்றால் வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காத நிலவறையில். காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டிப்பட்டுப் படலமாகும் இவ்வெண்ணெய் மரப்பிடிக்கும் ஏற்றது. அந்தச் சேர்க்கையில் வெப்பம் வெளிப்படுவதால், பூசிய துணியைக் கசக்கிக் குவித்துவைத்தால் அது தானே தீப்பற்றக்கூடும். துணியை வெளியில் விரித்து உலரவிடவோ, நீரில் அமிழ்த்தி மூடியுள்ள தகர டப்பாவில் வைக்கவோ வேண்டும்.